தோணியில் மட்டும் மடங்கும் முட்டு

என் வீட்டுக்காரர் டேவிட்சனுடைய இடது முட்டுக்கு என்னைப் பிடிக்காது. நானாகச் சொல்லவில்லை, அவரே சொன்னார். வீட்டில் மடக்கினால் தொண்ணூற்றெட்டு டிகிரி. பழைய துறைமுகத்தில் தோணிமேல் உட்கார்ந்து மடக்கினால் நூற்றுப் பதினொன்று.

"ஒன் மொகத்தப் பாத்ததும் முட்டு இறுகிருது கிருபை. கடக்காத்து பட்டாத்தான் இளகுது."

இருபத்து மூன்று வருஷம் பொங்கிப் போட்டதற்குக் கிடைத்த சர்டிபிகேட்.

மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகும் மரத்தோணியில் அவர் தண்டல். கப்பலென்றால் கேப்டன் என்பார்கள். மூன்று மாதத்துக்கு முன் சரக்கறைக்குள் ஏணி வழுக்கி விழுந்து முட்டுச் சிரட்டையை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து கம்பி போட்டார்கள். பிசியோ பார்க்கும் ஈவாஞ்சலின் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். "தெனமும் நீங்க அலைய வேண்டாம் அங்கிள்" என்று அவர் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைச் சமமாக வைத்து, காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது போனை ஒட்ட வைக்க வேண்டும். எத்தனை டிகிரி என்று போனே சொல்லும். அதைப் படம்பிடித்து அவளுக்கு வாட்சப்பில் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை.

நூற்றுப்பத்து வராமல் ஏணியில் ஏறி இறங்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தோணி முதலாளி ஜெயகணேஷ் அதையே பிடித்துக்கொண்டார். "சனிக்கெழமைக்குள்ள நூத்திப்பத்து வந்தா நீரு கொண்டுபோரும். இல்லன்னா இந்த நடை ஸ்டெபின் போவான்." ஸ்டெபின் இவரிடம் தொழில் பழகியவன். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தூக்கம் இறங்கவில்லை. ஆறாத முட்டோடு நடுக்கடலில் ஏணி இறங்கினால் அடுத்து உடைவது மண்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபையே அவர் முட்டுக்காக ஜெபித்தது. நானும் கண்ணை மூடினேன். "அவசரம் ஒண்ணுமில்ல ஆண்டவரே, நிதானமாச் செய்யும்" என்றேன்.

அவரோ தினமும் ஆட்டோ பிடித்துத் தோணிக்குப் போய்விடுவார். லோடுமேன்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். அங்கிருந்து நூற்றைந்து, நூற்றெட்டு என்று ஏறிக்கொண்டே போயிற்று. வெள்ளிக்கிழமை காலை நூற்றுப் பதினொன்று. ஈவாஞ்சலின் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டாள்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. என்னதான் மாயம் நடக்கிறது பார்ப்போம் என்று சோற்றுக் கேரியரோடு நானே போனேன். கரையைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லோடுமேன்களை விரட்டிக்கொண்டிருந்தார். கேரியரைப் பலகைத் தளத்தில் வைத்தேன். அது தானாக நகர்ந்து கரைப்பக்கம் போய் முட்டி நின்றது.

ஏறியிருந்த சிமெண்ட் மூட்டை அத்தனையும் கரைப்பக்கம். தோணி அந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நாற்காலியும் சாய்ந்து, மனுஷரும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். போனைப் பிடுங்கி வெறும் தளத்தில் வைத்தேன். பதிமூன்று டிகிரி காட்டியது.

"ஒங்க தோணிக்கும் முட்டு மடங்குதுங்க. பதிமூணு. நூத்திப் பதினொண்ணுல பதிமூணு போனா எத்தன?"

மூட்டை ஏற்றும் மேஸ்திரி மந்திரமூர்த்தி வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அட கூறுகெட்ட மனுசா! அதுக்குத்தான் ஒரு வாரமா கரைப்பக்கமே மொதல்ல ஏத்துங்கன்னீரா?"

"அந்தப் பக்கம் ஏத்துனா முட்டு நல்லா மடங்குச்சுய்யா. ராசின்னு நெனச்சேன்" என்றார் தண்டல். ராசி பார்ப்பது பாவம் என்று வாராவாரம் பிரசங்கம் கேட்கிற வாய். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், அதில் இவருக்கு ஆட்டம் வேறு வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். சண்டைக்கு நான் தயாராகவே இருந்தேன். அவர் நாற்காலியைச் சிமெண்ட் தரையில் போடச் சொன்னார். அளந்தார். தொண்ணூற்றெட்டு. மறுபடியும் அளந்தார். தொண்ணூற்றெட்டேதான்.

படம் ஈவாஞ்சலினிடம் போய்விட்டது. நானும் மேஸ்திரியும் வாயை மூடிக்கொண்டால் காலையில் தோணி ஏறிவிடலாம். என்னைப் பார்த்தார். போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, நான் அளந்தது தப்பு. முட்டு இன்னும் சரியாவல. ஸ்டெபினே போகட்டும். பய நல்லாக் கொண்டுபோவான்."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இல்லை.

ஏனென்றால் ஈவாஞ்சலின் என்னிடம் தனியாக ஒரு வேலை சொல்லியிருந்தாள். தினமும் ராத்திரி அவரைக் குப்புறப் படுக்கவைத்து, காலைப் பிடித்து மடக்கி அழுத்த வேண்டும். "அவங்க கத்தினாலும் விடாதீங்க டீச்சர்" என்றாள். ஆறு வாரமாக நான் அழுத்தியது பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி. அவருக்கு வலிக்குமே என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். முட்டு ஆறினால் கடலுக்குப் போய்விடுவார், அதுதான் விஷயம்.

அன்று ராத்திரி, "குப்புறப் படுங்க" என்றேன்.

"எதுக்குளா இப்போ? அதான் எல்லாம் போச்சே."

"படுங்கன்னா படுங்க."

படுத்தார். அவர் கணுக்காலைப் பிடித்து, என் எடை முழுவதையும் சாய்த்து மடக்கினேன். "ஏ பாவி, கொல்லப் பாக்கியா!" என்று அலறினார். எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். நான் விடவில்லை. என் கண்ணீர் அவர் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"எவ்வளவுளா?" என்றார் தலையணைக்குள்ளிருந்து.

போனைக் கணுக்காலுக்கு மேலே ஒட்ட வைத்துப் பார்த்தேன். "நூறு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அடுத்த நடை எப்பம்?"

"இருபத்தோரு நாள்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.