உலாயுக் என்று கூப்பிட்டபோது

மார்கிட் நன்றி சொல்லத் தொடங்கியபோது ஆலூக்கி ஊர்க்கூடத்தின் தரையில் உட்கார்ந்து பச்சையாகத் தின்ன உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வடதுருவத்தை ஒட்டிய பாஃபின் தீவின் கரையில், திமிங்கல எலும்பால் கூரை போட்ட ஆதிகால வீடுகளைப் பல கோடைகளாக மார்கிட் ஆராய்ச்சிக்காகத் தோண்டிய வேலை முடிந்துவிட்டது. மறுநாள் மார்கிட்டுக்கு விமானம். படகு ஓட்டியவர்கள், மண் சலித்தவர்கள், தெற்கேயிருந்து கூட வந்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கம்பளி கொடுத்தாள்.

ஆலூக்கி தோண்ட வந்தவர்களின் முகாமில் சமைத்தவள். அவள் புருஷன் உலாயுக், கரடி வராமல் காவல் இருந்தவன். நாலு கோடைக்கு முன் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதென்று மார்கிட் சொல்ல, மூடுபனியில் படகெடுத்துப் போனான். உடல் கரை ஒதுங்குமுன்பே மார்கிட் தன் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பிறகு வந்த கோடைகளிலும் ஆலூக்கியின் வாசலை மிதிக்கவில்லை. ஆலூக்கியும் முகாமுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். இன்றும் தம்பி வற்புறுத்தியதால்தான் வந்திருந்தாள்.

"உலாயுக்..." என்றாள் மார்கிட். இறந்தவனுக்கும் நன்றி சொல்லத்தான் அந்தப் பேரை எடுத்தாள்.

"இந்தா இருக்கேன்!"

ஆலூக்கியின் தம்பி மகள் மீன் பிசுக்குக் கையோடு எழுந்து ஓடினாள். அவன் இறந்த கோடைக்கு அடுத்த குளிர்காலத்தில் பிறந்தவள். இறந்தவர் பேரை வைத்தால் அவரே அந்தக் குழந்தையாகத் திரும்பி வருகிறார் என்பது அங்கே நம்பிக்கை. அவன் பேரை வைத்ததிலிருந்து ஊருக்கு அவள்தான் உலாயுக், ஆலூக்கிக்குப் புருஷன். மார்கிட்டுக்கும் அது தெரியும். இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்க்காமல் தப்பித்து வந்தாள். இப்போது ஆலூக்கியைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிற? கூப்பிட்டது நீதானே? என் வீட்டுக்காரர் வந்து நிக்கிறாரு. சொல்ல வேண்டியத அவருகிட்டயே சொல்லு."

மார்கிட் மண்டியிட்டாள். "அன்னைக்கு உங்கள நான் போகச் சொல்லியிருக்கக் கூடாது. பயந்துக்கிட்டு ஓடிட்டேன்."

"சரி. எனக்குக் கம்பளி?" என்றது குழந்தை.

கூடமே சிரித்தது. மார்கிட் சிரிக்கப் பார்த்து அழுதாள்.

ஆலூக்கி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மீனிலேயே ருசியான கன்னச் சதையை நெம்பியெடுத்துக் குழந்தையிடம் நீட்டினாள். குழந்தை ஓடிவந்து வாங்கி, பாதியைக் கடித்துவிட்டு, திரும்பப் போய் மீதியை மார்கிட்டின் வாயில் திணித்தது. மார்கிட் மெல்ல மென்றாள். அது தொண்டையில் இறங்கும்வரை ஆலூக்கி பார்த்துக்கொண்டே இருந்தாள்.