துட்டிக்குப் போகிற நடை

வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஆயுள் கூடும் என்கிறாள் அந்தப் பெண். அப்படியென்றால் கூடுகிற ஆயுளையும் இப்படி மூச்சு வாங்கிக்கொண்டேதானா கழிக்க வேண்டும்?

இதைக் கம்பம் ஆஸ்பத்திரியில் அவளிடமே கேட்டிருக்கலாம். திரிஷா, பிசியோதெரபி படித்தவள், என் பேத்தி வயது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு, அவளுடைய மேஜையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. "நடக்கும்போது பேச முடியணும் டீச்சர், பாட முடியக் கூடாது. அதுதான் உங்களுக்குச் சரியான வேகம்" என்றாள். நல்ல மாணவியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பால்காரப் பெண் வரும்வரை வாளியின் அடிப்பாகத்தைப் பார்த்தபடி கிடந்தேன். பெங்களூரிலிருந்து மகன் அருண் ஜோசப் ஓடிவந்தான். உடனே கிளம்பு என்றான். நான் கெஞ்சிக் கிறிஸ்துமஸ் வரை தவணை வாங்கினேன். அதற்குள் கால்கள் தேறினால் இந்த வீடு. இல்லையென்றால் அவனுடைய பதினான்காவது மாடி. என் வீட்டில் நான் இருப்பதற்காகத்தான் நடக்கிறேன். ஆரோக்கியமும் கூடவே வந்தால் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

அவன் அனுப்பிய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொள்கிறேன். சுங்குடிச் சேலைக்குக் கீழே அவை யாரோ எனக்கு இரவல் கொடுத்த பாதங்களைப் போலத் தெரியும்.

எங்கள் ஊரில் பெண்கள் நடக்காமல் இல்லை. ஆனால் கையில் தூக்குச்சட்டியோ புல்லுக்கட்டோ பையோ இருக்கும். விடிந்ததும் ஒருத்தி கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று போனால் அவள் சாவு வீட்டுக்குப் போகிறாள், துட்டிக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஷூவைப் போட்டதும் மறந்துவிட்டது.

அன்று வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தேன். திரிஷா சொன்ன வேகம் வந்துவிட்டதா என்று பார்க்க, மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துப் பார்த்தேன். பாட்டு வரவில்லை. பேச்சும் வராது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் பக்கத்தில் வந்து மெதுவானது. பின்பக்கமிருந்து பொன்னாத்தாள் தலையை நீட்டினாள்.

"என்ன டீச்சர், வாய்க்குள்ள செபம் சொல்லிக்கிட்டு இம்புட்டு வேகமாப் போறீக? துட்டியா?"

ஒரு நிமிஷம் இரு, மூச்சு வரட்டும் என்று சொல்ல ஒரு விரலை உயர்த்தினேன்.

"ஆத்தாடி! உங்க அண்ணன் வீட்டுக்கா?"

நடை முடிந்ததும் அண்ணன் வீட்டில் சீனியில்லாக் காபி குடிப்பது வழக்கம். ஆமாம் என்று தலையாட்டினேன். பொன்னாத்தாள் மார்பில் கைவைத்தாள். ஜீப் போய்விட்டது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் எவ்வளவு பாசமாக விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தைத் தொட்டுத் திரும்பி வரும்போது கோவிலில் துக்க மணி அடித்தது. யாராக இருக்கும்? என்னைவிட மூத்தவர்களை மனம் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தது. ஒரு சின்ன செபமாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள். அவர்களை முந்தினேன். முந்தியபோது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எந்த வீட்டு எழவு என்றே தெரியாமல், அதற்குப் போகிற வழியில் முதலாவதாக வர ஆசைப்படுகிற மனசு எனக்கு வாய்த்திருக்கிறது.

அண்ணன் வீட்டு முன்னால் கூட்டம். ஈஸ்வரபாண்டி வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒருவர் கையில் மாலை. முந்தின நாள்தான் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூட்டிவந்திருந்தார்கள்.

"அண்ணே! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே!"

அந்த வேகத்தில் நடந்துவந்தும் தெருக்கோடிவரை கேட்கும்படி அழ மூச்சு இருந்தது. ஒப்பாரி பேச்சில் சேர்த்தியா, பாட்டில் சேர்த்தியா என்று திரிஷா சொல்லவில்லை.

வாயில் பற்பசை நுரையோடு அண்ணன் சூசைமுத்து கொல்லைப்பக்கமிருந்து வந்தார்.

"ஏன் ராணி இந்தக் கத்துக் கத்துற? யாரு செத்துட்டாக?"

கூட்டம் அப்படியே நின்றது. மதினி இன்னாசியம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"அதத்தான் நானும் கேக்குறேன். விடிஞ்சும் விடியாம ஆளாளுக்கு வந்து என்னையக் கட்டிப்பிடிச்சு அழுகுறாக. என்னான்னு யாரும் சொல்லல. சரி, இம்புட்டுப் பேரு அழுகுறாகளேன்னு நானும் கொஞ்சம் அழுதேன்."

"பொன்னாத்தா போன் பண்ணுச்சு மதினி" என்றான் ஈஸ்வரபாண்டி. "கோவிலுக்கும் அதுதான் சொல்லியிருக்கு."

"அவளுக்கு யாருடா சொன்னா?"

"டீச்சர்தான். வெரல மேல காட்டி, மேல போயிட்டாருன்னு சொன்னாகளாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் ஷூவைப் பார்த்தார்கள். பொன்னாத்தாளைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் ஜீப் கம்பம்மெட்டு மலைமேல் ஏறியிருந்தது, சிக்னல் கிடைக்கவில்லை.

அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு வாடகை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"ரோசாப்பூ மாலையா? பரவால்ல. மேலத்தெருக்காரக ஒருத்தரையும் காணமே?"

"அவுகளுக்கு இன்னும் தகவல் போகலண்ணே."

"அதானே பாத்தேன்."

வந்தவர்களுக்கெல்லாம் மதினி காபி போட்டாள். எனக்கு டம்ளரைக் கொடுத்தபோது என் போன் அடித்தது. அருண். மதினி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! ஊர் குரூப்ல மாமா போட்டோவுக்கு மாலை போட்டு அனுப்பியிருக்காங்க!"

"மாமா காபி குடிக்கிறாருடா" என்றேன். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

"போதும்மா. இனிமே ரோட்டுல நடக்காத. மொட்டமாடியிலயே நட. அதுவும் முடியாதுன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் எதுக்கு? சனிக்கிழமை வர்றேன், துணிமணிய எடுத்து வை."

"பிள்ள சொல்றது சரிதான ராணி" என்றாள் மதினி. "மாடியில நடந்தா யாரு கேக்கப்போறா?"

நினைத்துப் பார்த்தேன். தண்ணீர்த்தொட்டி, துணிக்கொடி, மறுபடியும் தண்ணீர்த்தொட்டி. யாரும் கேட்க மாட்டார்கள்தான். தெருவில் போனதால்தான் ஊரே என்னைப் பார்த்தது. தப்பாகப் பார்த்தது, ஆனாலும் பார்த்தது. மாடியில் விழுந்து கிடந்தால் காக்காய்தான் பார்க்கும். பதினான்காவது மாடிக்கு அதுவும் வருமா என்று தெரியவில்லை. நான் முந்திவந்த அந்த இரண்டு பெண்களை நினைத்தேன். வெட்கமாக இருந்தது. மறுபடியும் முந்தலாம் போலவும் இருந்தது.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். சனிக்கிழமை வா. மீன் வாங்கி வைக்கிறேன். துணிய எடுத்து வைக்க மாட்டேன்."

"அப்ப மாடியிலயாவது நடக்குறேன்னு சொல்லு."

அண்ணன்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லப்பா" என்றேன், மெதுவாக. "தெருவுலதான் நடப்பேன்."