ஓரத்தில் ஒதுங்கிய செல்கள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. புற்றுக்கட்டியைக் கரைத்து, செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. கட்டி ஒன்றுதான், உள்ளே இருக்கும் செல்கள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது.

அன்று திரையில் இருந்தது ஓர் ஆணின் சிறுநீர்ப்பைக் கட்டி. செல்களெல்லாம் வண்ணப் புள்ளிகளாக அப்பிக் கிடந்தன. இருநூறு சொச்சம் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றன. ஆணுக்கு இருக்கவேண்டிய ஒய் குரோமோசோமின் சுவடே அவற்றில் இல்லை.

சீனியர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். இந்தக் கட்டி வந்த அதே நாளில் ஒரு பெண்ணின் கட்டியும் வந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"பூனை, ரெண்டு குழாயையும் கலந்து வச்சிருக்க. ஆம்பளை கட்டியில பொம்பளை செல் எங்கேர்ந்து வரும்?"

கலந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. கலக்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. விஷயம் இயக்குநர் காதுக்குப் போனதும், அந்த அம்மாள் கேட்பதற்கு முன்பே இவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். மறுநாளே அந்த ஆணின் மாதிரியை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றார்கள். வேறு மாதிரி வாங்க வழியில்லை. அந்த மனிதருக்குச் சிறுநீர்ப்பையையே எடுத்தாகிவிட்டது. மருந்துக்கு மசியாத கட்டி அது. ஏன் மசியவில்லை என்று சொல்ல மிச்சமிருந்தது இந்த ஒரு குழாய்தான்.

வீட்டுக்கு வந்தால், சார்ஜரைக் காணோம் என்று தங்கை குதித்துக்கொண்டிருந்தாள். நீதான் எடுத்திருப்பாய் என்றாள். இவள் சாரி சொன்னாள். சார்ஜர் தங்கையின் பையிலேயே இருந்தது.

"எடுக்காததுக்கு எதுக்குக்கா சாரி? உன்னைக் கொலைக் கேஸ்ல இழுத்தாலும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவ."

காலையில் யாரும் வருவதற்கு முன் கணினியைத் திறந்தாள். பெண்ணின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அதில் ஒன்றின் வாயை அடைத்து வைக்கவென்றே ஒரு மரபணு உண்டு. அந்தப் பெண்ணின் கட்டியில் அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. ஓரத்துச் செல்களில் அதன் மூச்சுப் பேச்சே இல்லை. கூடவே, அந்த ஆணின் மற்றப் புற்றுச் செல்களில் இருந்த அதே மரபணுப் பிழைகள் இவற்றிலும் இருந்தன. அவருடைய செல்கள்தான். வளர்கிற வழியில் ஒய்யைத் தொலைத்திருந்தன.

படத்தோடு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ நேத்து எதுக்கு மன்னிப்புக் கேட்ட?"

"செக் பண்ணாம கேட்டுட்டேன், மேடம்."

"இனிமே செக் பண்ணிட்டுக் கேளு. மாதிரி இருக்கட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சீனியர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாரி என்றான். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. ஓரத்துச் செல்களை மட்டும் பிரித்தெடுத்து, மருந்து அவற்றை என்ன செய்தது என்று பார்க்கத் தொடங்கினாள்.