ஆறு மணிக்கு மேல் இல்லாதவர்கள்

சலவைக்கூடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது, கேட்டால் பதில் வராது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளுக்கும் சேர்த்து அவள் அக்காவே பேசிவிடுவாள். அக்கா சூட்டு உருளையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள்; பூனை துவைக்கும் இயந்திரத்தில் துணி போட்டு எடுப்பவள்.

நகரத்தின் பெரிய ஓட்டல்களின் விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வந்தன. வேலை நேரத்துக்குச் சட்டம் ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். அந்தக் கூடுதல் நேரத்துக்கும் ஒரு வரம்பு. இதை எல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, வந்துபோகும் நேரம் பதியக் கார்டு அடிக்கும் கருவிக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தார் முதலாளி. வருகிற அதிகாரிகள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆறு மணி அடித்ததும் பெண்கள் வரிசையில் நின்று கார்டு அடிப்பார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, முன்வாசல் வழியாக வெளியே போவார்கள். போய், மதிலை ஒட்டி இடது பக்கம் திரும்பி, சந்துக்குள் நடந்து, கொதிகலன் அறையின் பின்கதவு வழியாகத் திரும்ப உள்ளே வருவார்கள். பையை ஆணியில் மாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் ஊர்வலம்.

"கேமரா முன்னாடி மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போறவங்க மாதிரி போங்க" என்பான் சூப்பர்வைசர்.

"வீட்டுக்குப் போற மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்து போச்சு சார்" என்பாள் கூட வேலை செய்கிறவர்களில் எல்லாரையும்விட உயரமான, நெட்டை அக்கா என்கிறவள். "ஒரு தடவை நீங்க நடிச்சுக் காட்டுங்க, பார்த்துக் கத்துக்கறோம்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஊர்வலத்துக்குப் பிறகு செய்கிற வேலைக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது. வாரக் கடைசியில் முதலாளி கையில் எதையோ திணிப்பார், அவ்வளவுதான். வாங்காதவளுக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது.

அப்படி ஒரு சாயங்காலம், ஊர்வலம் முடிந்து வந்த பிறகு, அக்காவின் வலது கையை உருளை இழுத்துக்கொண்டது. விரல் பட்டால் இயந்திரம் தானே நின்றுவிட ஒரு தடுப்புக் கம்பி உண்டு. சும்மா சும்மா நிற்கிறது என்று சூப்பர்வைசர் அதை ஒயர் வைத்துக் கட்டிப்போட்டிருந்தான். அக்காவின் அலறல் கேட்டு, கூடத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தியது பூனைதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பூனையால் மறக்க முடியவில்லை. வெந்துபோன கையோடு துடித்த அக்காவை முன்வாசல் வழியாக அழைத்துப் போகவில்லை. அங்கே கேமரா இருக்கிறது. கேமராவின் கணக்கில் அக்கா எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாள். ஆகவே கொதிகலன் அறையைச் சுற்றி, சந்து வழியாக, நடத்தியே கூட்டிப் போனார்கள்.

அக்கா நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவின்மேல் தொழிலாளர் அலுவலகத்தில் முதல் விசாரணை நடந்தபோது முதலாளியின் வக்கீல் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"இந்தம்மா ஆறு மணிக்குக் கார்டு அடிச்சுட்டு வெளிய போனதுக்குப் பதிவு இருக்குங்க. அப்புறம் எங்க கூடத்துல வேலையே நடக்கல. பின்கதவு வழியா இவங்க எதுக்குத் திரும்ப வந்தாங்க? ஓட்டல் விரிப்பு நல்ல விலைக்குப் போகுமுங்க. திருட வந்த இடத்துல, இருட்டுல எதையோ அழுத்தி, கையை விட்டுக்கிட்டாங்க. நாங்க போலீசுக்குப் போகாம இருக்கறதே பெருந்தன்மை."

வாய் ஓயாத அக்கா கட்டுப் போட்ட கையை மெல்ல மடிக்குள் ஒளித்துக்கொண்டாள், அதில் எதையோ எடுத்து வைத்திருப்பவளைப் போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூனை அதைப் பார்த்தாள். அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று அந்த நொடியில் கெட்டியானது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றதை நான் நம்பறேன்மா. ஆனா என் நம்பிக்கையை வெச்சு உத்தரவு போட முடியாது. ஆறு மணிக்கு மேல அங்க வேலை நடக்குதுன்னு அங்க இருக்கறவங்க யாராவது சொல்லணும். அடுத்த விசாரணையோட நான் முடிச்சாகணும்."

"நான் சொல்றேன்" என்றாள் பூனை. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"கூடப்பிறந்தவ வேற என்ன சொல்லுவா?" என்று சிரித்தார் வக்கீல்.

கூடத்தில் மற்றவர்களிடம் பூனை கேட்டுப் பார்த்தாள். நெட்டை அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னைக் கேக்காதடி கண்ணு. மூணு புள்ளைங்க இருக்கு. என் நாக்கை நானே கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

வழக்கு நடக்கும்போது தங்கையை நீக்கினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டதால், பூனைக்கு வேலை போகவில்லை. அவளும் ஒன்றும் நடக்காததுபோல வந்தாள், போனாள், ஊர்வலம் சுற்றினாள். "பூனை பரவாயில்ல, அக்கா மாதிரி வாய் இல்ல" என்றான் சூப்பர்வைசர்.

வீட்டில் அக்கா தெருக்குழாய்க்குப் போவதை விட்டுவிட்டாள். அங்கே இரண்டு பேர் இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்களாம். "விடுடி. கையும் போச்சு, பேரும் போச்சு. இனிமே போறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பூனை முதலாளியின் கையை அதே உருளைக்குள் தள்ளுவதாகப் பல நாள் கற்பனை செய்திருந்தாள். வயிற்றெரிச்சல் அதில் அடங்கவில்லை. அவருடைய கை வெந்தால் ஊரில் உள்ள பெரிய மருத்துவர்கள் எல்லாம் ஓடி வருவார்கள். அது அல்ல. அவருக்கு எங்கே வலிக்கும்?

வலிக்கிற இடம் அவளுக்குத் தெரியும். வெளுத்து வந்த விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "இந்த வெள்ளை வேற எவன்கிட்டயும் கிடையாது" என்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார். இன்னொன்றும் தெரியும். அவருக்குக் கோபம் வந்தால் வாய் முன்னே பாயும். புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.

விசாரணைக்கு முந்தின நாள் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து மேசை விரிப்புகள் வந்து குவிந்தன. ஏதோ மாநாடாம். ஒரு கறை இருக்கக் கூடாது என்று முதலாளி நாலு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். பூனை ஆறு மணிக்குக் கார்டு அடித்தாள். கேமராவுக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, வீட்டுக்குப் போகிறவளைப்போலச் சிரித்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவள் பையில் கடையில் வாங்கிய சிவப்புச் சாயப் பொட்டலங்களும் உப்பும் இருந்தன. உப்பும் கொதிநீரும் சேர்ந்தால் பருத்தியில் ஏறிய சாயம் சுலபத்தில் இறங்காது.

சூப்பர்வைசர் அவள் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கைப்பேசியில் பேசியபடி நின்றான். "ஓடுதா?" என்று சைகையில் கேட்டான். ஓடுகிறது என்று தலையாட்டினாள். வட்டக் கண்ணாடிக்குள் முதலில் நூல்போல ஒரு சிவப்பு சுழன்றது. பிறகு எல்லாம் சிவந்தது. அவளுக்கு, பசியில் இருந்தவள் முதல் கவளத்தை விழுங்கியதுபோல இருந்தது. அடுத்த இயந்திரத்துக்குப் போனாள். அது முடிந்ததும் அடுத்தது. எல்லாவற்றையும் மூடியபடியே விட்டுவிட்டு, வழக்கம்போலச் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அதிகாரியின் அறைக்கு வெளியே நீளப் பலகையில் அக்காவும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நேரம் கழித்து வந்தார். கோபத்தில் முகம் வீங்கியிருந்தது. பின்னால் சூப்பர்வைசர், அவனுக்குப் பின்னால் வக்கீல். பூனையைக் கண்டதும் முதலாளியின் கால் நின்றது. வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்து, "உள்ள போய் வாயே திறக்காதீங்க" என்று கிசுகிசுத்தார்.

இதுவரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திராத பூனை இப்போது பார்த்தாள்.

"புது நிறம் ஓட்டல்காரங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் வெடித்தார்.

"மேடம், இவளை முதல்ல உள்ள தள்ளுங்க! என் துணி மொத்தத்தையும் சாயத்துல முக்கிட்டா! ஓட்டல்காரன் இனிமே வாசப்படி மிதிக்காதேன்னுட்டான்!"

"சார்..." என்றார் வக்கீல்.

"நீங்க சும்மா இருங்கய்யா! உங்களுக்கு என்ன தெரியும்?"

அதிகாரி பூனையைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"நான் ஆறு மணிக்கே கார்டு அடிச்சுட்டுப் போயிட்டேன் மேடம். கேமராவுல பாருங்க."

"பொய்! சுத்தப் பொய்!" முதலாளி மேசையில் அறைந்தார். "ஏழரை மணிக்கு இவதான் மெஷின்ல நின்னா! இதோ, இவன் பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கான்! டேய், சொல்லுடா!"

சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியின் புத்தி அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"ஏழரை மணிக்கு" என்றார் அதிகாரி. "மெஷின்ல வேலை செஞ்சுக்கிட்டு. சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுக்கிட்டு. ஆறு மணிக்கு மேல உங்க கூடத்துல வேலையே நடக்காதுன்னு சொன்னீங்களே?"

"இல்ல மேடம்... கோபத்துல ஏதோ... அது வேற யாராவது இருக்கும்." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு இல்ல. இது வாயில்லாப் பூச்சி. இது அப்படி எல்லாம் செய்யாது."

"நான்தான் செஞ்சேன்" என்றாள் பூனை.

"நீ செய்யலம்மா."

"செஞ்சேன் சார். மூணு மெஷின்லயும் நான்தான் போட்டேன்."

"மேடம், அவ சும்மா சொல்றா! நல்ல பொண்ணு, அப்பாவி!" முதலாளி கையெடுத்துக் கும்பிடாத குறை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளே தள்ளச் சொன்னவளைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைப் பார்த்து, வாசலில் நின்ற பணியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் அதிகாரி. "ஒத்துக்கிட்டா இது உன் மேலயும் குத்தமாகும். வேலை போகும், வழக்கும் வரலாம்."

"வரட்டும் மேடம். நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கங்க. எத்தனை மணிக்குன்னும் சேர்த்து எழுதிக்கங்க."

அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? பொய் சொன்னா அடுத்த ஆள் நீங்கதான்."

அவன் முதலாளியைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான், பிறகு தன் பிழைப்பைப் பார்த்தான். "தினமும் நடக்குறதுதான் மேடம். கார்டு அடிச்சுட்டுப் பின்பக்கமா வருவாங்க. இந்தம்மா கை மாட்டின அன்னிக்கும் எல்லாரும் வேலையிலதான் இருந்தோம்."

அக்கா விம்மினாள். அதிகாரி எழுதி முடித்து, விபத்து வேலை நேரத்தில் நடந்ததாகவே எடுத்துக்கொள்வதாகவும், எல்லாருடைய கூடுதல் நேரத்தையும் தோண்டி எடுக்கப் போவதாகவும் சொன்னார். வக்கீல் பையை மூடினார். முதலாளி எழுந்தார்.

"இன்னும் முடியல" என்றாள் பூனை.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். கழுத்துவரை சிவந்திருந்தாள், ஆனால் எதற்குப் பின்னாலும் போய் ஒளியவில்லை.

"என் அக்கா திருட வரலன்னு அவர் வாயால சொல்லணும்."

முதலாளி அதிகாரியைப் பார்த்து முணுமுணுத்தார். "திருட வரலைங்க."

"மேடம்கிட்ட இல்ல. அவகிட்ட."

அவர் பல்லைக் கடித்தார். அக்காவின் பக்கம் பாதி திரும்பி, அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல், "நீ திருட வரலம்மா" என்றார்.

"காதுல விழல சார்" என்றாள் பூனை. "இவ்வளவு நாள் மெஷின் சத்தத்துல இருந்த காது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தடவை."