எண்பத்தெட்டு என்று எழுதினாள்

1.

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், வாசகரே. இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிவமலர் கிள்ளானில் இருக்கும் என் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வாங்க என்று சொல்வதற்குள்ளாகவே, "நாகையா அண்ணே, ஒரு விஷயம் சொல்றேன். கதையா எழுதித் தரணும்" என்றார்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். எப்போதாவது ஞாயிறு பத்திரிகையில் கதை வரும். கல்யாண வாழ்த்து எழுதித் தரச் சொல்லி வருவார்கள். கதை வேண்டுமென்று யாரும் என் வாசல் ஏறியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கேட்டு முடித்ததும், "பேரை மட்டும் மாத்திடறேன்" என்றேன்.

"வேணாம். எல்லார் பேரும் அப்படியே இருக்கட்டும்."

"வம்பு வரும்லா."

"வரட்டும் அண்ணே."

(ஒரு சின்ன மன்னிப்பு. நேரில் 'நீங்க, வாங்க' என்று பேசுகிறவன், கதைக்குள் அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை கூடிப்போனால் மனுஷியின் மனசுக்குள் நுழைய வழி கிடைப்பதில்லை.)

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி மூடிய சிகரங்களின் மேல் பொன்னிறச் சூரியன் தன் கதிர்களை—"

விட்டுவிட்டேன். நான் ஏறிய அதிகபட்ச உயரம் கேமரன் மலை. பனி என்று கையால் தொட்டது குளிர்சாதனக் கிடங்கில் மீன் பெட்டிமேல் படிந்திருந்ததைத்தான்.

இரண்டாவது: "மனிதன் ஏன் மலை ஏறுகிறான் என்னும் வினா ஆதிகாலம் தொட்டு—"

பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு நாலு மார்க் போடலாம்.

மூன்றாவது சரிவரும் போலிருக்கிறது, ஏனென்றால் அங்கே நானும் இருந்தேன். பத்துமலைப் படிகள். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு. ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே காலையில் ஆறு தடவை. கீழே பூ விற்கிற அம்மா எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல், இவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டார். சிவசம்பு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூண்டு கணவாய் தாண்டவேணும் அம்மா, அதுதான்" என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மல்லிகை ஒரு முழம் சும்மாவே கொடுத்தார்.

சிவசம்புவுக்கு அறுபத்தொரு வயது. பொதுப்பணித் துறையில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், பிரிக்பீல்ட்ஸ்காரர். சிவமலர் அவருடைய ஒரே தங்கை. ஷா ஆலமில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. எங்களை மேய்த்தவன் தனேஷ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பிள்ளை. நேப்பாளத்தில் அந்த மூன்று கணவாய்களையும் ஏற்கெனவே ஒருமுறை தாண்டி வந்தவன். பதினெட்டு நாள் நடை, ஒவ்வொரு கணவாயும் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். இன்னும் மூன்று பேர் போனார்கள். கதையில் அவர்களுக்கு வேலை இல்லை, அதனால் பெயர் தரவில்லை. நான் போகவில்லை. நாலாவது வாரமே என் முட்டி கைவிரித்துவிட்டது.

(என் முட்டி நன்றாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று சில நாள் யோசிக்கிறேன். ஆகியிருக்காது. நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன்.)

3.

விரலில் மாட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கி வைத்தோமே, அதேதான். திரையில் இரண்டு எண் காட்டும். மேலே ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன். கீழே நாடித்துடிப்பு. உயரம் ஏற ஏற மேல் எண் இறங்கும். இறங்கலாம், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஆளும் கீழே இறங்கியாக வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடினோம். தினமும் மாலைத் தேநீரின்போது ஒவ்வொருவரும் தன் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று தனேஷ் ஏற்பாடு செய்தான். சிவசம்பு கைகழுவி வந்து, அதற்கென்று வாங்கிய குட்டி 555 கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தன் அழகான கையெழுத்தில் விதியைத் தானே எழுதினார்: எழுபத்தைந்துக்குக் கீழே போனால் மறுநாள் ஏறக்கூடாது. யாராக இருந்தாலும்.

அவர் மனைவி ஜனகாவும் அன்றைக்கு வந்திருந்தார். ரசத்தை மலரின் இலையில் ஊற்றிக்கொண்டே, "இவர் ஆர் சொல்லையும் கேக்கமாட்டார். உன்னை நம்பித்தான் விடுறன் மலர்" என்றார். மலர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

4.

இனி மலரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மலையைப் பற்றி அவள் சொன்னது ரொம்பக் கொஞ்சம். குளிர், அவித்த உருளைக்கிழங்கு, காலுறை காயவில்லை. அண்ணனைப் பற்றித்தான் நிறையச் சொன்னாள்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் பேச்சு குறைந்து, டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கியிருந்தார். மலையில் அந்த மனிதரைக் காணோம். முதல் கணவாயின் உச்சியில் நின்று, எதிர்ப் பள்ளத்தாக்கில் தொங்கிய இரும்புக் கயிற்றுப் பாலம் எத்தனை பேரைத் தாங்கும் என்று மூச்சு வாங்க வாங்க விளக்கினார். யாரும் கேட்கவில்லை. மலர் கேட்டாள். முப்பது வருடத்துக்கு முந்தின அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

பதினோராம் நாள், இரண்டாம் கணவாய்க்குக் கீழே ஒரு விடுதி. மாலை ஐந்து மணி. எருவாட்டி அடுப்பைச் சுற்றி எல்லாரும். மூன்று நாளாக அவருக்கு இருமல். ஆனால் அங்கே இருமாதவர் யார்? கருவி கைமாறி வந்தது. எண்களைச் சொன்னார்கள். தனேஷ் எண்பத்தைந்து, மலர் எண்பத்து மூன்று.

சிவசம்பு விரலை மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலருக்கு மட்டும் திரை தெரிந்தது. மேலே அறுபத்தேழு. (முதலில் இங்கே வேறு எண் எழுதியிருந்தேன். ஏன் மாறியது என்று பிறகு சொல்கிறேன்.) கீழே எண்பத்தெட்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர், நாடி எகிறுவதில்லை.

"எண்பத்தெட்டு" என்றார் சிவசம்பு.

"அங்கிள்தான் இன்னைக்கு சேம்பியன்" என்றான் தனேஷ். எல்லாரும் கை தட்டினார்கள்.

மலர் அண்ணனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதட்டியிருந்தால் சொல்லியிருப்பேன் அண்ணே என்று என்னிடம் சொன்னாள்.

எண்பத்தெட்டு என்று எழுதினாள்.

5.

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். ஏன் எழுதினாள்? கதாபாத்திரத்தை நம்ப வேண்டுமே.

அண்ணன் படிக்கவைத்த கடன் என்று ஒரு பத்தி எழுதினேன். பொய். அவளைப் படிக்கவைத்தது அப்பாவின் ஓய்வூதியம். மலையின் மயக்கம், காற்றின் மெலிவு, அறிவு மழுங்கிய ஒரு கண—

அதுவும் வேண்டாம். நம் வீடுகளில் நடப்பதுதான் நடந்தது. பெரியவர் ஒன்று சொல்லிவிட்டார், நாலு பேர் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் 'இல்லை அண்ணா' என்று சொல்லிப் பழக்கமில்லை. தனியாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வோம். விருந்துகளில், கோயில் கூட்டங்களில், சாவு வீட்டில்கூட இப்படி எத்தனை தடவை மென்று விழுங்கியிருக்கிறோம். தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் அது நமக்கு நல்ல குணமாகத் தெரிகிறது.

தனியாகச் சொல்லத்தான் அவளும் எழுந்துபோனாள். தனேஷ் சமையலறையில் எல்லார் புட்டிகளிலும் வெந்நீர் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆன்டி?"

"ஒண்ணுமில்ல. சுடுதண்ணி மிச்சம் இருக்கா?"

திரும்பி வந்தபோது சிவசம்பு படுக்கையில் சாய்ந்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் சொன்னார்: "இந்த ஒரு மலை, பிள்ளை. பிறகு நீ என்ன சொன்னாலும் கேக்கிறன்."

6.

நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பத்தரைக்கு உச்சியை அடைந்தார்கள். சிவசம்பு கடைசியாக வந்து, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். இறங்கும்போது இரண்டு தடவை உட்கார்ந்தார். மூன்றாம் தடவை எழுந்திருக்கவில்லை. மூச்சில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். கூட வந்த நேப்பாள வழிகாட்டிகள் மாறி மாறித் தூக்கினார்கள். கையிலிருந்த சின்ன ஆக்சிஜன் புட்டி பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. மேகம் மூடியிருந்ததால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. கீழ்க் கிராமத்து விடுதியில், மாலை நாலரை மணிக்கு உயிர் போனது. அவர் கை மலரின் கையில் இருந்தது.

கதைக்கு ஏற்ற கடைசி வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை. தண்ணி என்றார். கொடுத்தால் குடிக்கவில்லை.

7.

உடல் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர ஆறு நாள் ஆனது. ஜனகா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதுக்கு முதல் நாள் பின்னேரம் இவற்ற நம்பர் எவ்வளவு?" தனேஷ் நோட்டைத் திறந்து காட்டினான். ஜனகா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இது விதி. ஒருத்தரிலும் பிழையில்லை" என்றார்.

எட்டு மாதமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று மலர் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனாள். மூன்று தடவையும் ஜனகா முந்திக்கொண்டார். "நீ ஒவ்வொரு நாளும் எழுதி வச்சபடியால்தான் எனக்கு நித்திரை வருது மலர்" என்று சொல்லித் தேநீரை நீட்டினார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? குடித்துவிட்டு வந்தாள்.

தனேஷ் மலையையே விட்டுவிட்டான். பை, கோல், காலணி எல்லாவற்றையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். போன மாதம் அவன் மலரிடம், "எண்பத்தெட்டு இருந்த மனுஷன் எப்படி ஆன்டி போவாரு? நான் எதையோ கவனிக்கல" என்று சொல்லி அழுதிருக்கிறான். மறுநாள்தான் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

8.

முடிவு எழுத வேண்டுமே. இரண்டு எழுதினேன்.

ஒன்று: மலர் சொல்கிறாள், ஜனகா கட்டிக்கொண்டு அழுகிறார், மன்னிக்கிறார். தீபாவளி நாடகத்துக்கு ஆகும். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டு: மலர் பாலத்தில் நின்று நோட்டைக் கிள்ளான் ஆற்றில் போடுகிறாள். நானும் அந்தப் பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. நோட்டு சேற்றில் விழுந்து, எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். முடிவுகள் இருந்த தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார். பேனாவை வாங்கி, நாலாம் பகுதியில் ஓர் இடத்தில் மட்டும் அடித்துத் திருத்தினார்.

நான் எழுபத்து நாலு என்று எழுதியிருந்தேன். விதிக்கு ஒன்றே ஒன்றுதான் குறைவு. வாசகர் மலரை வெறுத்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். அவர் அதை அடித்துவிட்டு அறுபத்தேழு என்று எழுதினார்.

"ஒரு தடவ பொய் எழுதுனதே போதும் அண்ணே."

எனக்குக் காது மடல் சுட்டது. நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன், அதுவும் மூச்சு நிறையக் காற்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

"சரி, முடிவு எப்படி வேணும் உங்களுக்கு?"

"நான் முடிவு கேக்கவே இல்லையே. அண்ணி ஒங்க கதைய விடாம படிப்பாங்க. என்னால வாயால சொல்ல முடியல. நீங்க எழுதுனத கையில குடுத்துட்டு எதிர்ல உக்காந்திருக்க முடியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, யாருக்காக இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன் என்று.

9.

ஜனகா அக்கா, இதுவரை பொத்தாம்பொதுவாக வாசகரே என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்கள்தான் அந்த வாசகர். வேறு யாராவது இதை அச்சில் படிக்க நேர்ந்தால், நீங்கள் வேண்டாமென்று தடுக்கவில்லை என்பது வரைதான் அவர்களுக்குத் தெரியும்.

மன்னிப்பு வாங்கித் தரும்படி மலர் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. அறுபத்தேழு என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பார் என்றுதான் அவள் நினைக்கிறாள். ஒவ்வொரு நாளும் நினைக்கிறாள். உங்களுக்கு இருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்குகிறோம் என்பதும் தெரிந்தேதான் வந்திருக்கிறாள்.

நீங்கள் நிமிர்ந்ததும் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்று பல தடவை எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் வாய்க்குள் வார்த்தை வைக்க நான் யார்?

இதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை. கீழே வையுங்கள், அக்கா. அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.