இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்த காலை

காலை ஆறே முக்காலுக்கு அவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தோல் ஷூ போட்டா பெடல் காலோட பேசாது" என்றார்.

"பேசாட்டி போகுது. வீட்ல நான் ஒருத்தி பேசுறது போதாதா?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். முடிச்சு சரியாக விழவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் அதுதான். பதினொன்றரை மணிக்கு அவர் இல்லை.

அவர் வேலை பார்த்த குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வீட்டிலிருந்து ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். பத்தொன்பது வருஷமாக நிலையத்துப் பேருந்திலேயே தூங்கிக்கொண்டு போய் தூங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பேருந்தை அடுத்த மாதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். ஷிப்ட் பொறுப்பாளர் நேரத்துக்கு வராவிட்டால் முந்தைய ஷிப்ட் ஆள் குளோரின் அறையை விட்டு ஓர் அடி நகர முடியாது. ஆகவே வண்டி வாங்கியே ஆகவேண்டும்.

எந்த வண்டி என்பதில்தான் மூன்று வாரமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. அவருக்குப் பிடித்தது ஒரு பெட்ரோல் வண்டி. சின்ன உடம்பு, பெரிய மூச்சு, டர்போ வைத்தது, மிதித்தால் முதுகை இருக்கையோடு அறையும்.

"இதுக்குப் பேரு ஹாட் ஹேட்ச்."

"ஹாட்டும் வேணாம், ஹேட்ச்சும் வேணாம். வயசு நாப்பத்தொம்பது ஆகுது உங்களுக்கு."

அவளுடைய கட்சி டீசல். கல்லூரி நூலகத்தில் வேலை. வந்து விழும் மோட்டார் பத்திரிகைகளை எல்லாம் அடுக்குவதற்கு முன்பு படித்திருந்தாள். நாளொன்றுக்கு நூற்றுப்பதினாறு கிலோமீட்டர், நேர் சாலை, ஒரே வேகம். டீசலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அவளுடைய தம்பியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். "சொந்த மாப்ளயே காலை வாரிட்டான்" என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். எந்தப் பொருள் வேண்டாமோ, அந்தப் பொருளால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடும். அவள் பார்த்து வைத்த சோபாவில் கடையிலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று எழுந்தார். அவள் கை காட்டிய குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தில் அவருக்குத் தலைவலி வந்தது. நீலத் திரைச்சீலை கண்ணைக் கூசவைத்தது. சண்டை போடத் தெரியாத மனிதர். உடம்பைத்தான் முன்னால் அனுப்புவார். அவளும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள்: அந்த வலிக்கு மசியக்கூடாது. மசியாமல் இருந்தால் அரை மணியில் தானாகச் சரியாகிவிடும். சோபா வீட்டுக்கு வந்தது. அதில்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவார்.

பழைய வண்டிகள் விற்கும் ஒரு ஷோரூமில் இரண்டு வண்டிகளும் இருந்தன. அங்கே வண்டி பார்த்துக் கொடுப்பவன் தம்பிதான் என்பதால், மீசைக்கு மை போட்ட அந்த விற்பனையாளர் சாவிகளை நம்பிக் கொடுத்தார். மற்றவர்கள் என்றால் பத்து நிமிஷம் தெருவைச் சுற்றிவிட்டு வந்திருப்பார்கள். இவர் அப்படி இல்லை.

"ரெண்டு தொட்டித் தண்ணியையும் ஒரே நாள்ல எடுத்துத்தான் சோதிக்கணும். ஒண்ணை இன்னைக்கு, ஒண்ணை நாளைக்குன்னு எடுத்தா அதுக்குப் பேரு சோதனை இல்ல. முதல்ல டீசல், நிலையத்து கேட் வரைக்கும், திரும்ப இங்க. அப்புறம் பெட்ரோல், அதே ரோடு, அதே ஆளுங்க."

"மத்தியானம் ஆயிடும் மாமா" என்றான் தம்பி.

"ஆகட்டும். நீ என்ன கலெக்டரா?"

ஊரைத் தாண்டும் வரை டீசலைத் தம்பி ஓட்டினான். அப்புறம் அவர். போகும்போது ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கும். கேட்டில் கண்ணாடியை இறக்கிக் காவலாளியிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசி, கையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும்போது பாதி வழியில் ஆரம்பித்தார்.

"இந்த கிளட்ச் என்னடா இப்படி இருக்கு? மிதிச்சு மிதிச்சு ஆளே ஓய்ஞ்சு போறேன்."

பின்னிருக்கையில் அவளும் முன்னிருக்கையில் தம்பியும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்துவிட்டது.

"கிளட்சா? வெண்ணெய் மாதிரி இருக்கு மாமா. நானும்தான ஓட்டுனேன்."

"உனக்கு லாரி ஓட்டுற காலு. எனக்குக் கையும் வலிக்குது, பாரு. இந்த கியர் ராடு ரொம்ப இறுக்கம். இடது கை பூரா இழுக்குது."

"அப்புறம்?" என்றாள் அவள்.

"அப்புறம் ஏசியே இல்ல இதுல. எப்படி வேர்க்குது பாரு."

"எனக்குக் குளிருதுங்க."

"உனக்கு டீசல்னா எல்லாமே குளிரும்."

தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவருடைய சட்டையின் முதுகு நனைந்து இருக்கையோடு ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு ஒருபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. பார்த்தாள், இந்தத் தடவை நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தாள்.

"புகை வாடை வேற. குமட்டுது."

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வச்சிருந்தீங்க. அப்புறம் வேணாம்னா சொன்னீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர். அது ஒன்றாவது அவளுக்கு உறைத்திருக்கவேண்டும்.

ஷோரூமுக்கு வந்து இறங்கியதும் வண்டியின் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மீசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முழு டம்ளரையும் குடித்தார். "இன்னொரு நாள் பாத்துக்கலாமா சார்?" என்று அந்த மனிதர் கேட்டார். வெளி ஆளுக்குத் தோன்றியது அது. அவள் முந்திக்கொண்டு, "அதெல்லாம் வேணாம். இவருக்குப் பெட்ரோல்ல ஏறுனா எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

சொன்னபடியே ஆயிற்று. அதுதான் கொடுமை. பெட்ரோல் வண்டியில் ஏறி, இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து, ஊர் எல்லையைத் தாண்டி ஒரு மிதி மிதித்தார். மூன்று பேரின் தலையும் பின்னால் போய் இடித்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பாத்தியா? வலியே இல்ல. போயே போச்சு."

"மாமா, உங்களுக்கு ஒரு மேடை போட்டு மாலை போடணும்" என்றான் தம்பி.

"மாலையெல்லாம் வேணாம். ஓட்டு போடு. நூலகரம்மா என்ன சொல்றாங்க?"

"நூலகரம்மா ஒண்ணும் சொல்லல. ரோட்டைப் பாருங்க."

இருபது கிலோமீட்டர் வரைக்கும் பாடாத குறையாக வந்தார். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் அதன் நீளத்தைச் சொல்லி, டீசலாக இருந்தால் இன்னும் அதன் பின்னால் புகையைத் தின்றுகொண்டிருப்போம் என்றார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு வேகம் குறைந்தது. முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக ஒதுக்கி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கை பிரேக்கை இழுத்து, நான்கு விளக்கையும் எரியவிட்டார். எல்லாம் ஒழுங்காக, சோதனைக்கூடத்தில் குழாயை மூடுவதுபோல.

"மாப்ள, நீ ஓட்டு."

"என்ன மாமா, பெட்ரோலும் கசந்துடுச்சா?"

அவர் திரும்பினார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது வண்டியால இல்ல" என்றார் அவர். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

அவரைப் பின்னிருக்கைக்குக் கொண்டுவந்து அவள் மடியில் சாய்த்தார்கள். கனத்த மனிதர், சின்ன வண்டி, காலை மடக்கித் திணிக்கவேண்டியிருந்தது. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"அக்கா, எந்தப் பக்கம்?"

முன்னால் இருபத்தேழு கிலோமீட்டரில் நிலையம். அதன் வாசலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற இடம். பின்னால் முப்பத்தொரு கிலோமீட்டரில் ஊர். அங்கே இதயத்துக்கென்று தனிப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி. நான்கு கிலோமீட்டர் வித்தியாசம். மூன்று வாரமாக எது சரி என்று எடுத்ததற்கெல்லாம் பதில் வைத்திருந்தவள் சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா! சொல்லு!"

"திருப்பு. ஊருக்கே போ."

வண்டி வட்டமடித்துத் திரும்பியபோது சரளைக்கல் சிதறிப் பக்கத்தில் அடித்தது. டீசலைத் தவிர வேறெதையும் வண்டி என்றே ஒத்துக்கொள்ளாத தம்பி, அந்தப் பெட்ரோல் இன்ஜினிடம் இருந்ததையெல்லாம் கறந்தான். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் ஒரு கையால் அவர் நெற்றியைத் துடைத்தாள், மறுகையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வயசு கேட்டார்கள். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார்கள். "இப்பத்தான்" என்றாள். ஒரு மூச்சு விட்டு, "இல்ல. காலையில இருந்து" என்றாள்.

"எத்தனைல போறான்?" என்று மடியிலிருந்து குரல் வந்தது.

"பேசாதீங்க."

"எத்தனை?"

"நூத்தி நாப்பது மாமா" என்றான் தம்பி. அவன் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது.

"டீசல்ல... இது வராது."

"வராதுங்க. நீங்க சொன்னதுதான் சரி. பெட்ரோலே எடுத்துக்கலாம்."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் வலிக்கு அவள் மசிந்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்கும் தெரிந்தது. அதிலிருந்து தன் நிலைமையை அவர் புரிந்துகொண்டார் என்பதை அவள் அவர் முகத்திலேயே கண்டாள். உடனே, சொன்னதை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குப் பதறியது.

"சும்மா சொன்னேன். டீசல்தான். வீட்டுக்குப் போய் சண்டை போட்டுக்கலாம்."

"அதான" என்றார்.

பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. தம்பி எதிர்த்தடத்தில் ஏறினான். எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் வைய வாயைத் திறந்தவர், பின்னிருக்கையைப் பார்த்துவிட்டு வண்டியை ஒடித்து ஒதுங்கினார். முப்பத்தொரு கிலோமீட்டரைப் பதினெட்டு நிமிஷத்தில் கடந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே காத்திருந்தது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கை அசைந்துகொண்டுதான் இருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்த டாக்டர் சின்னப் பெண். "அடைப்பு ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். அவர் எதுவும் சொல்லலையா?" என்றாள்.

"சொன்னாரு. எல்லாத்தையும் சொன்னாரு" என்றாள் அவள்.

தம்பி சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தான். "கிளட்ச் லேசா இருந்துதுக்கா" என்றான். "எனக்குத்தான் தெரியுமே, லேசா இருக்குன்னு. லேசா இருக்கிற கிளட்ச் ஒரு மனுஷனுக்குக் கனமா இருக்குன்னா என்னன்னு யோசிச்சிருக்கணும்ல? இன்ஜின்ல ஒரு சத்தம் வந்தா ஒம்போது பக்கம் யோசிப்பேன்க்கா."

அவள் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நீயில்லை, நான்தான் என்று சொல்ல நினைத்தாள். அப்படிச் சொன்னால் அவன் மறுப்பான், பிறகு இருவரும் அதிலும் ஆளுக்கொரு கட்சியாக நிற்கவேண்டிவரும். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மீசைக்காரர் தம்பிக்கு இரண்டு தடவை போன் செய்தார். வண்டி எங்கே என்று கேட்கத்தான். விஷயம் கேட்டு, அவரே ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றார்.

அவர்கள் எந்த வண்டியும் வாங்கவில்லை. வாங்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலை, நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது ஷிப்ட் பொறுப்பாளர். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"கேக்கலாமான்னு தெரியல அக்கா. சார் கடைசியா ரெண்டு வண்டி ஓட்டிப் பாத்தார்னு சொன்னாங்க. அந்த டீசல் இன்னும் அதே ஷோரூம்லதான் நிக்குது. எனக்கும் அதே தூரம். நீங்க அதுல உக்காந்து வந்திருக்கீங்க. வாங்கலாமா?"

கையிலிருந்த புத்தகத்தை அவள் மேஜையில் வைத்தாள். அவருக்காகப் பெட்ரோல் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கேட்பவர் விடியற்காலையில் எழுந்து நூற்றுப்பதினாறு கிலோமீட்டர் போய் வரவேண்டியவர்.

"வாங்குங்க" என்றாள்.

"எதாவது குறை இருக்கா? கிளட்ச் கொஞ்சம் கனம்னு இங்க யாரோ சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"கேட்ல இருக்கிற காவலாளி. அன்னைக்கு சார் கண்ணாடிய இறக்கிச் சொன்னாராம்."

அப்படியென்றால் நிலையத்து வாசலிலேயே. அவள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அரை மணி முன்னால். பின்னிருக்கையில் அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? போனில் டீசலின் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "வண்டில ஒரு குறையும் இல்ல தம்பி. தைரியமா வாங்குங்க. ஆனா ஒண்ணு. ஓட்டும்போது உங்களுக்குக் கனமா இருந்தா, அன்னைக்கே போய் டாக்டரைப் பாருங்க."

அந்த டீசல் இன்றைக்கும் தினமும் அந்தச் சாலையில் போய் வருகிறது. லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கிறது.