முப்பத்தைந்தாவது ஆள்

டெஸ் வாண்டர்லூவுக்கு இன்னும் ஒரு முதுகு வேண்டியிருந்தது. ஒரே ஒரு முதுகு. வெள்ளிக்கிழமைக்குள் அது கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. இன்னும் நான்கு மாதம் இதே ஆற்றங்கரை ஊரில் உட்கார்ந்து ஆள் பிடிக்க வேண்டும்.

கைரோபிராக்டிக் படிக்கிறவர்கள் படும் பாடு வெளியாருக்குத் தெரியாது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதுதானே, இதில் என்ன கஷ்டம் என்பார்கள். எலும்பையும் நரம்பையும் மனப்பாடம் செய்துவிடலாம், அது ஒன்றுமில்லை. கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் கல்லூரியின் கிளினிக்குக்கு முப்பத்தைந்து புதிய நோயாளிகளைத் தாங்களே கூட்டிவர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். ஊரோ சின்னது, மாணவர்களோ நூற்றுக்கணக்கில். அந்த ஊரில் கழுத்தைத் தடவிக்கொண்டே மளிகைக் கடைக்குள் நுழைந்தவன் தனியாக வெளியே வந்ததில்லை. முடிவெட்டுகிறவர், பெட்ரோல் பங்க்காரர், பாதிரியார் என்று எல்லோருடைய முதுகும் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய கணக்கில் ஏறியிருந்தது.

போன பருவத்தில் இரண்டு பேர் பியரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் வாங்கிக் கொடுத்துப் பொய் நோயாளிகளைக் கூட்டிவந்து மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து கிளினிக்கில் ஒரு பேச்சு கிளம்பியது: நிர்வாகமே இப்போது வேவு பார்க்க ஆள் அனுப்புகிறதாம். நோயாளி மாதிரி வருவார்களாம், நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வார்களாம். பார்த்தவர் யாருமில்லை, நம்பாதவரும் யாருமில்லை. டெஸ் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்தால்கூட எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழுந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று.

புதன்கிழமை காலை கோல்பி ஓய்வறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுடைய வகுப்புத் தோழன். முப்பத்தைந்து போதாதென்று நாற்பத்தொன்று பிடித்து வைத்திருக்கும் மகராசன்.

"டெஸ், உன்னைத் தேடி ஒரு பெரியவர் வந்திருக்காரு. உன் பேரைச் சொல்லிக் கேக்குறாரு."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாரும் இல்ல. தானா வந்தாரு."

"தானாவா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். இந்தக் கட்டடத்துக்குள்ள தானா வர்றது கொசு மட்டும்தான்." கண்ணைச் சிமிட்டினான். "பாத்து நடந்துக்க. கடைசி ஆளு, கடைசி வாரம். எனக்கென்னமோ வேவு ஆளு வாடை அடிக்குது."

அவள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வரவேற்புக்குப் போனாள்.

பெரியவர் ஆர்லின் ப்ரூனிங் என்று பெயர் சொன்னார். அறுபத்தெட்டு வயது, சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி, ஊருக்கு வடக்கே பன்னிரண்டு மைல். அறைக்குள் அவர் முன்னே நடக்க, டெஸ் பின்னாலிருந்து அவரை அளந்தாள். பேண்ட்டின் பின்பாக்கெட் தட்டையாக இருந்தது. அவள் பார்த்த முப்பத்து நான்கு பேரில் பாதிப்பேர் விவசாயிகள். அத்தனை பேரும் செங்கல் தடிமனுக்கு ஒரு பர்ஸைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, அதன்மேலேயே முப்பது வருடம் டிராக்டர் ஓட்டி இடுப்பைக் கோணலாக்கிக்கொண்டவர்கள். 'அதை முதலில் எடுங்கள்' என்பதுதான் அவள் சொல்லும் முதல் வாக்கியம். இந்த மனிதருக்குப் பர்ஸே இல்லை. எந்த ஊர் விவசாயி இவர்?

"என் பேரு எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கார்டுல இருந்துச்சு."

"எந்தக் கார்டு?"

"வீட்டுல இருந்துச்சு பொண்ணு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்துச்சு." அதற்கு மேல் சொல்லவில்லை.

"சரி, என்ன தொந்தரவு?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். வலது கையால், மெதுவாக. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். "மூணு நாளா இடது பக்கக் கழுத்துல வலி. இதுக்கு முன்னால வந்த எந்த வலி மாதிரியும் இல்ல. பின்னந்தலையில வலி. தலை சுத்துது. நேத்துலேருந்து ஒண்ணு ரெண்டாத் தெரியுது. சனிக்கிழமை தானியக் கொட்டகைக் கூரைக்கு அண்ணாந்து பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுது."

டெஸ்ஸுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எந்த விவசாயி இப்படிப் பேசுவான்? எலும்பு முறிந்து தொங்கினாலும் 'கொஞ்சம் பிடிச்சிருக்கு' என்று சொல்லும் ஜாதி அது. இவரோ கழுத்து ரத்தக்குழாய் கிழிந்ததற்குப் பாடப்புத்தகம் போட்டிருக்கும் பட்டியலை ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல் வாசிக்கிறார். இப்படிப்பட்டவர் கழுத்தைத் திருப்பினால் ஆள் காலி. முதல் வருடப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அவளுக்கு இது பழகிய காட்சி. செய்முறைத் தேர்வில் இப்படித்தான். கூலிக்கு வந்த ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து, கையிலுள்ள சீட்டைப் பார்த்து வியாதியைச் சொல்வார். மூலையில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பத்தே நிமிடம் என்பதால் எதையும் முழுதாகச் செய்ய வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும். 'இப்போது கண்ணைப் பரிசோதிப்பேன்' என்றால் பரிசோதித்த மாதிரி. 'இவரை மருத்துவமனைக்கு அனுப்புவேன்' என்றால் அனுப்பிய மாதிரி. மூன்று வருடம் அப்படியே பழகியிருந்தார்கள். இந்த அறையின் மூலையிலும் ஒரு கேமரா இருந்தது. அதன் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அது என்றும் எரிவதுதான். இன்று மட்டும் அவளையே பார்ப்பதுபோலத் தோன்றியது.

ஆக, எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு இவர் கழுத்தில் கை வைக்கிறாளா என்று பார்க்கிறார்கள். சோதனை வையுங்கள், வையுங்கள், என்னிடமா?

முதுகை நிமிர்த்திக்கொண்டு, கேமராவுக்கும் கேட்கட்டும் என்று கணீரென்று சொன்னாள். "உங்க கண்ணோட பாவையைப் பரிசோதிப்பேன். உங்க கழுத்துல நான் கை வைக்கமாட்டேன். இது ரத்தக்குழாய் கிழிஞ்சதா இருக்கலாம். இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்."

ஆர்லின் அவளையே பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "சரி பொண்ணு. நீ சொன்னா சரி."

டெஸ் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். அப்படி அழகாக அவள் என்றும் எழுதியதில்லை. ஆம்புலன்ஸ் அழைத்த நேரம் என்ற கட்டத்தில், தேர்வில் எழுதுவதுபோலவே, 10.20 என்று போட்டாள். இனி இவர் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. அவர் எழவில்லை. நடிப்பை விடமாட்டேன் என்கிறாரே, எவ்வளவு நேரம் இருக்கிறார் பார்ப்போம் என்று அவளும் தலை நிமிராமல் எழுதினாள். குடும்ப வரலாறு, தொழில், பழக்கவழக்கம், ஒன்று விடவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணு," என்றார் அவர். "அந்த வண்டி எங்கேருந்து வருது? ரொம்ப தூரமோ?"

"போதும் சார். நல்லாவே செஞ்சீங்க. எழுந்துக்கலாம்."

அவர் கீழ்ப்படிந்தார். எழுந்து நிற்கப் பார்த்து, இடது பக்கமாக அப்படியே சரிந்து, பரிசோதனைக் கட்டிலைப் பிடிக்கப் போன கை பிடிக்காமல் மீண்டும் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் அவர் முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். இடது இமை பாதி தொங்கியிருந்தது. அந்தக் கண்ணின் பாவை கடுகளவு, மற்றது மிளகளவு.

இமையைத் தொங்கவிட்டு நடிக்கலாம். பாவையைச் சுருக்கி நடிக்க எவனாலும் முடியாது.

அவள் போட்ட கூச்சலில் கோல்பி ஓடிவந்தான். மேற்பார்வை மருத்துவர் ஹேகன் ஓடிவந்தார். டெஸ் போனை எடுத்தபோது கடிகாரத்தில் 10.31. வண்டி ஏழு நிமிடத்தில் வந்துவிட்டது. அவ்வளவு பக்கம்.

அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு ஹேகன் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தார்.

"பத்து இருபதுக்கே கூப்பிட்டுட்டியா. நல்ல வேலை செஞ்ச. கழுத்துல கை வச்சியா?"

"வைக்கல."

"எவனும் கடைசி வாரத்துல எண்ணிக்கையைத்தான் பாப்பான். நீ ஆளைப் பாத்திருக்க. இதை நான் உன் கணக்குல ஏத்துறேன்." கையெழுத்துப் போட்டார். முப்பத்தைந்து முடிந்தது.

டெஸ் வாயைத் திறக்கவில்லை. படிவத்தில் பொய் எழுதினால் பருவம் முழுதும் ரத்து, ஒருவேளை படிப்பே ரத்து. அது சுவரிலேயே ஒட்டியிருந்தது.

அடுத்த இரண்டு நாள் அவள் பட்ட அவஸ்தை இருக்கிறதே! கோல்பி முதுகில் தட்டிக்கொடுத்தால், எதற்குத் தட்டுகிறான்? ஹேகன் தாழ்வாரத்தில் சிரித்தால், கேமராப் பதிவைப் பார்த்துவிட்டாரோ? 'நாளைக்கு மணியை ஒருதடவை வந்து பாருங்க' என்று அலுவலகத்திலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்து, தான் போட்ட 10.20-ஐத்தான் சொல்கிறார்கள் என்று அவள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். பட்டமளிப்பு விழாவில் அடிக்கும் மணியைப் பழுதுபார்க்கச் சொன்னார்களாம். உலகத்தையே இத்தனை நாள் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை இப்போதுதான் கண்ணாடியில் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வரவேற்பில் ஒரு பெண்மணி காத்திருந்தார். பூப்போட்ட சட்டை, கையில் துணி மூடிய தட்டு. காரில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

"நீதானே டெஸ்? நான் வெர்டா. ஆர்லினோட வீட்டுக்காரி. போன மாசம் கண்காட்சியில பிளாஸ்டிக் எலும்பை வச்சுக்கிட்டு எனக்கு ஒரு கார்டு குடுத்தியேம்மா, ஞாபகம் இருக்கா?"

ஞாபகமில்லை. நானூறு பேருக்குக் கொடுத்திருந்தாள்.

"அவர் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. இடது கைதான் இன்னும் முழுசா வரலை. புதன்கிழமை காலையிலேயே மரத்துப்போச்சு, பர்ஸைக்கூட எடுக்க முடியலன்னு நான்தான் வாங்கி வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா ஒத்துக்கணுமே! எலும்புக்காரங்கிட்டன்னா வர்றேன்னாரு. இந்த நாயைக் காருல தனியா விட முடியாதுன்னு நான் வெளியிலயே இருந்துட்டேன்." தட்டை நீட்டினார். "கழுத்தைத் திருப்பியிருந்தா போயிருப்பாருன்னு அங்க டாக்டர் சொன்னாரு. அவர் உன்னைப் பத்தியேதான் பேசுறாரு. வண்டி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்து எழுதிக்கிட்டு இருந்துச்சு, ஒரு அவசரம் காட்டலை, அதைப் பாத்து எனக்கும் பயம் போயிடுச்சுன்னாரு."

டெஸ் தட்டை வாங்கவில்லை. வாங்கக் கை வரவில்லை.

"நான் கூப்பிடவே இல்லைங்க," என்றாள். "கூப்பிடுவேன்னு சொன்னேன், அவ்வளவுதான். பதினோரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அவரை யாரோ சோதிக்க அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். அந்தச் சீட்டைப் பாத்து... அவ்வளவு சரியா யாரும் சொல்லமாட்டாங்க."

வெர்டா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். வெளியே நாய் குரைத்தது.

"அவர் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டாரும்மா," என்றார் கடைசியில். "நாப்பது வருஷமா அப்படித்தான். அதான் ராத்திரி பூரா உக்காந்து கேட்டுக் கேட்டு நான் எழுதினேன். எழுதிக் குடுத்தாலாவது நம்புவாங்கன்னு நெனச்சேன்."

தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

டெஸ் உள்ளே போய் ஆர்லினின் படிவத்தை எடுத்தாள். 10.20 என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் 10.31 என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்தையும் அன்றைய தேதியையும் போட்டாள். பிறகு ஹேகனின் அறைக் கதவைத் தட்டினாள்.